கடைக்காரரே, நீங்கள் என்ன படிக்கிறீர்கள்?



சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்த நேரம். ஒயிட்ஃபீல்டில் கணிப்பொறி நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஓர் இளம் தம்பதியர் என்னிடம் வந்தார்கள். "சார், பையனுக்கு எட்டு வயசு. தமிழ் பேசுவான், படிக்க வராது. என்ன புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம்? யாரைக் கேக்கறதுன்னே தெரியல" என்றார் அந்தப் பெண்.

என்ன புத்தகம் என்று கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். ஆனால் யாரைக் கேட்பது என்பதுதான் அவருடைய உண்மையான கேள்வி. அதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. வீடு திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை. நான் இலக்கியம் கற்றவன் அல்லன். சிவில் டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் தண்டவாளத்தோடு காலம் கழித்தவன். பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

ஜோலார்பேட்டைக் கடைக்காரர்

1982-ஆம் ஆண்டு. எனக்கு வயது 24. குப்பத்தில் வேலை. சுற்றிலும் தெலுங்கு, அலுவலகத்தில் ஆங்கிலமும் அரைகுறை இந்தியும். சனிக்கிழமை மாலை ஏதாவது ஒரு வண்டியைப் பிடித்து ஜோலார்பேட்டையில் இறங்கி, காட்பாடி வழியாக ஊருக்குப் போவேன். ஜோலார்பேட்டையில் அடுத்த வண்டிக்கு ஒரு மணி, சில நாள் இரண்டு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டும்.

பிளாட்பாரத்தில் ஒரு புத்தகக் கடை. அந்தக் காலத்தில் தென்னிந்திய ரயில் நிலையங்களில் புத்தகக் கடை என்றாலே நினைவுக்கு வருவது ஹிக்கின்பாதம்ஸ்தான். 1844-இல் சென்னையில் தொடங்கிய நிறுவனம். வடக்கே அதே இடத்தைப் பிடித்திருந்தது 1877-இல் அலகாபாத்தில் தொடங்கிய வீலர் நிறுவனம். நான் சொல்லும் கடையில் வார இதழ்கள், மாத நாவல்கள், ரயில்வே கால அட்டவணை, சோதிடப் புத்தகங்கள், இவ்வளவுதான். கடையில் உட்கார்ந்திருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். வண்டி வந்தால் எழுந்து நிற்பார்; போனால் உட்கார்ந்து மடியில் வைத்திருக்கும் புத்தகத்தைத் திறந்துகொள்வார்.

நான் வாராவாரம் ஒரு மாத நாவல் வாங்குவேன். நான்காவது வாரமோ ஐந்தாவது வாரமோ, "ஏன் தம்பி, போன வாரம் வாங்கினது புடிச்சுதா?" என்று கேட்டார். "ஏதோ பொழுது போச்சுங்க" என்றேன். "எந்த ஊர்ல வேலை?" என்றார். சொன்னேன். தமிழ் பேச ஆள் இல்லாத குறையையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. அவர் மடியிலிருந்த புத்தகத்தை எடுத்து நீட்டினார். "இது விக்கிறதுக்கு இல்ல, என்னோடது. படிச்சிட்டுக் கொண்டாந்து குடுங்க" என்றார்.

அது அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு'. 1977-இல் வெளிவந்த நாவல். சிகந்தராபாதில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பையனின் கதை. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. நாடு விடுதலை பெற்று, 1948-இல் ஐதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு இணைக்கப்படும் வரையிலான கொந்தளிப்பான காலம். தாய்மொழி ஒன்றும் தெருமொழி ஒன்றுமாக வளரும் பையன். குப்பம் ரயில்வே குடியிருப்பில் அரிக்கேன் விளக்கொளியில் அதைப் படித்தபோது, அயலூரில் தமிழனாக இருப்பதன் சங்கடத்தை எனக்கு முன்பே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார் என்று தெரிந்து மனம் லேசானது. மாத நாவல் வாங்கும் ஒரு பையனுக்கு இதைக் கொடுக்கலாம் என்று அந்த மனிதருக்கு எப்படித் தோன்றியது? நெடுநாள் எனக்கு அது விளங்கவில்லை. இப்போது ஓரளவு விளங்குகிறது.

பரிந்துரை எப்படிப் பிறக்கிறது?

ரயில் பாதையில் கீமேன் என்று ஒரு தொழிலாளி உண்டு. தினமும் தன் பகுதியை நடந்தே பார்த்து, தளர்ந்த சாவிகளைச் சுத்தியலால் தட்டி இறுக்குவார். பல ஆண்டுகள் நடந்த கீமேனுக்குத் தட்டும்போது எழும் சத்தத்திலிருந்தே பழுது எங்கே என்று தெரியும். நல்ல புத்தகக் கடைக்காரரும் அப்படித்தான். அவரிடம் மூன்று விதமான தகவல்கள் சேர்கின்றன. ஒன்று, தானே படித்தது. இரண்டு, யார் எதை வாங்கினார் என்பது. மூன்றாவதுதான் முக்கியம்: வாங்கியவர் திரும்பி வந்து என்ன சொன்னார் என்பது. விமர்சகருக்கு முதலாவது உண்டு. இணையத்தில் விற்கும் நிறுவனங்களின் கணிப்பொறிக்கு இரண்டாவது ஏராளமாக உண்டு. மூன்றையும் ஒரே தலைக்குள் வைத்திருப்பவர் கடைக்காரர் மட்டுமே.

இதில் பணக் கணக்கும் இருக்கிறது. 200 ரூபாய்ப் புத்தகம் ஒன்றை விற்றால் கடைக்குக் கிடைக்கும் கழிவு பொதுவாக 25 முதல் 40 சதவீதம், அதாவது 50 முதல் 80 ரூபாய். வாடகை, மின்சாரம், சம்பளம் எல்லாம் அதற்குள்தான். விற்காத புத்தகத்தைச் சில பதிப்பகங்கள் திரும்ப எடுத்துக்கொள்ளும், சில எடுத்துக்கொள்ளாது. ஒரு புத்தகம் ஓராண்டு அலமாரியில் தூங்கினால் அவருடைய முதலும் சேர்ந்து தூங்குகிறது.

அப்படியானால் தூங்குகிற சரக்கைத்தானே நம் தலையில் கட்டுவார் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான சந்தேகம். ஒருமுறை ஒரு பெரிய கடையில் தமிழ்ப் புத்தகம் கேட்ட எனக்கு, விரைவில் பணக்காரர் ஆவது எப்படி என்ற ஆங்கிலப் புத்தகத்தைக் கட்டிக் கொடுத்தார்கள். பணக்காரனும் ஆகவில்லை, அந்தக் கடைக்கு மறுபடி போகவும் இல்லை. விடை அங்கேயே இருக்கிறது. தவறான புத்தகத்தைக் கொடுத்தவருக்கு அன்று கிடைத்தது 80 ரூபாய். இழந்தது பல ஆண்டுகள் வந்திருக்கக்கூடிய ஒரு வாடிக்கையாளரை. ஒரே ஆள் திரும்பத் திரும்ப வரும் கடையில் நேர்மைதான் லாபம்.

இந்தக் கணக்குப்படி பார்த்தால், ரயில் நிலையக் கடைக்காரருக்கு நல்ல பரிந்துரை செய்ய எந்த அவசியமும் இல்லை. இன்று வாங்குபவர் நாளை வரமாட்டார். ஜோலார்பேட்டைக்காரர் என்னிடம் காட்டியது வியாபாரக் கணக்கில் சேராது. தான் படித்து நெகிழ்ந்ததை இன்னொருவர் கையில் வைக்காமல் இருக்க முடியாத குணம் அது. கணக்கும் குணமும் சேர்ந்த இடத்தில்தான் நல்ல புத்தகக் கடை உருவாகிறது.

நம் பெங்களூர்க் கடைகள்

இந்த ஊருக்கு அந்த விஷயத்தில் கொடுப்பினை உண்டு. மியூசியம் சாலையில், சர்ச் தெருவுக்கு அருகில், டி.எஸ். ஷான்பாக் நடத்திய பிரீமியர் புத்தகக் கடையை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1971-இல் தொடங்கியது. சின்னஞ்சிறு இடம். தரையிலிருந்து கூரை வரை புத்தக அடுக்குகள். நடுவில் ஒருவர் ஒதுங்கினால்தான் இன்னொருவர் நடக்கலாம். வெளியாள் பார்த்தால் குப்பல். ஆனால் எந்த அடுக்கில் எது என்பது அவருக்குத் தெரியும். எந்த வாடிக்கையாளருக்கு எது என்பதும் தெரியும். அதிகம் பேசமாட்டார். கேட்காமலே தள்ளுபடி தருவார். வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா இந்தக் கடையைப் பற்றிப் பலமுறை எழுதியிருக்கிறார். 2009-இல் கடை மூடப்பட்டது. 2021-இல், கொரோனாவின் இரண்டாம் அலையின்போது, ஷான்பாக் காலமானார். ஒரு புத்தகக் கடைக்காரருக்காக ஒரு நகரமே துக்கம் கொண்டாடியதை அன்றைய செய்தித்தாள்களில் பார்த்தோம்.

பிரிகேட் சாலையை ஒட்டிய சந்தில் இருக்கும் செலக்ட் புத்தகக் கடை இன்னும் பழையது. 1945-இல் கே.பி.கே. ராவ் தொடங்கியது. பழைய, அரிய நூல்களுக்குப் பெயர் போனது. சர் சி.வி. ராமன் அங்கே வந்து போனவர்களில் ஒருவர் என்பார்கள். தந்தைக்குப் பிறகு கடையை ஏற்று நடத்திய மகன் கே.கே.எஸ். மூர்த்தி விமானப் பொறியியல் படித்தவர். சர்ச் தெருவில் பிளாசம் புத்தகக் கடையைத் தொடங்கிய மாயி கௌடாவும் பொறியியல் பட்டதாரி. மகாத்மா காந்தி சாலையின் நடைபாதையில் பழைய புத்தகம் விற்று, 2000-களின் தொடக்கத்தில் கடை வைத்தவர். அதே தெருவில் புக்வோர்ம் நடத்தும் கிருஷ்ண கௌடாவும் நடைபாதையிலிருந்து வந்தவர்தான். பொறியியல் படித்தவர்கள் புத்தகம் விற்கப் போனது எனக்கு வியப்பாக இல்லை. எந்தப் பொருள் எங்கே தாங்கும், எங்கே தாங்காது என்று பார்ப்பதுதானே எங்கள் படிப்பு!

தமிழ்நாட்டில்

சென்னையில் சென்ட்ரல் நிலையத்தை ஒட்டியிருந்த மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளைத் தெரியாத அந்தக் காலத்து மாணவர் இருக்க முடியாது. பாலிடெக்னிக் புத்தகங்களைப் பாதி விலைக்கு அங்கேதான் வாங்கினேன். எந்த ஆசிரியரின் புத்தகத்தில் கணக்குகள் அதிகம், எதில் படங்கள் தெளிவு என்று கடைக்காரர் சொல்வார். அவர் பொறியியல் படித்ததில்லை. முன்பு வாங்கிய மாணவர்கள் சொன்னதைக் கேட்டு வைத்திருந்தார், அவ்வளவுதான். 1985 மே மாதம் நடந்த தீ விபத்தில் மூர் மார்க்கெட் அழிந்தது. பின்னர் அந்த இடத்தில் எழுந்தது எங்கள் ரயில்வேயின் புறநகர் நிலையக் கட்டடம். கடைகள் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின. அந்த நிலையத்தில் வண்டி ஏறும்போதெல்லாம் எனக்குச் சிறிது குற்ற உணர்வு வரும்.

சென்னைப் புத்தகக் காட்சி 1977 முதல் நடந்து வருகிறது. அங்கே கூட்டத்தில் யாரும் நிதானமாகப் பேச முடியாது என்பார்கள். ஆனால் மாலை கூட்டம் சேரும் முன்பு, மதிய வேளையில் போய்ப் பாருங்கள். அரங்கில் இருப்பவரே படித்துக்கொண்டிருப்பார். கோவை ராஜவீதியில் விஜயா பதிப்பகத்தை நடத்தும் மு. வேலாயுதம் அவர்களைக் கொங்கு நாட்டு அன்பர்கள் அறிவார்கள். எழுத்தாளரையும் வாசகரையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்தவர். அவருடைய வாசகர் வட்டம் எழுத்தாளர்களோடு நிற்காமல், சிறந்த நூலகருக்கும் சிறந்த புத்தக விற்பனையாளருக்கும் விருது வழங்குகிறது. விற்பவரின் வாசிப்புக்கும் ஒரு மரியாதை உண்டு என்பதை இது காட்டுகிறது.

ஜப்பானும் இங்கிலாந்தும்

ஜப்பானில் 2004 முதல் ஒரு விருது வழங்கப்படுகிறது. அதில் நடுவர் குழு என்று பேராசிரியர்களோ எழுத்தாளர்களோ கிடையாது. நாடெங்கும் புத்தகக் கடைகளில் வேலை செய்யும் சிப்பந்திகளே வாக்களிக்கிறார்கள். "நான் மிகவும் விற்க விரும்பும் புத்தகம் எது?" என்பதே கேள்வி. முதல் ஆண்டு பரிசு பெற்றது யோகோ ஒகாவா எழுதிய நாவல். எண்பது நிமிடங்களுக்கு மேல் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாத ஒரு கணிதப் பேராசிரியரும், அவர் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணும், அவளுடைய மகனும்தான் பாத்திரங்கள்.

இங்கிலாந்தில் வாட்டர்ஸ்டோன்ஸ் என்னும் பெரிய புத்தகக் கடைக் குழுமத்தின் பொறுப்பை 2011-இல் ஜேம்ஸ் டான்ட் ஏற்றார். அதுவரை கடையின் முன்வரிசையில் எந்தப் புத்தகத்தை வைப்பது என்பதற்குப் பதிப்பகங்கள் பணம் கொடுத்து வந்தன. அவர் அந்தப் பணத்தை வேண்டாம் என்றார். அந்தந்த ஊர்க் கடையில் இருப்பவர்களே தங்கள் வாசகருக்கு ஏற்றதை முன்னால் வைக்கட்டும் என்று விட்டார். பெரும் நஷ்டத்தில் இருந்த குழுமம் சில ஆண்டுகளில் லாபத்துக்குத் திரும்பியது. மேசைமேல் முன்னால் இருப்பதெல்லாம் கடைக்காரரின் பரிந்துரை என்று நாம் எண்ணிவிடக் கூடாது என்பதே இதில் நமக்கு உள்ள பாடம்.

நம் குறை

கன்னட வாசகருக்கு காந்தி பஜாரில் அங்கித புஸ்தக இருக்கிறது. போய் நின்று பேசலாம். ஆங்கில வாசகருக்குச் சர்ச் தெரு. இந்த ஊரில் இத்தனை லட்சம் தமிழர் இருந்தும், தமிழ்ப் புத்தகத்தைக் கையில் எடுத்து, "இதைப் படியுங்கள்" என்று சொல்லும் கடைக்காரரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அல்சூர் ஏரிக்கரையில் உள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் பெரிய ஆறுதல். 2022 டிசம்பரில் அங்கே முதல் தமிழ்ப் புத்தகத் திருவிழா நடந்தபோது, தமிழ்நாட்டிலிருந்து பதிப்பகங்கள் வந்து கடை விரித்தன. என் மனைவி அங்கே மூன்று மணி நேரம் நின்றாள். முழங்கால் வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திருவிழா ஆண்டுக்குச் சில நாள்தான். ஆகவே கிடைக்கும் வாய்ப்பை நன்கு பயன்படுத்த வேண்டும். என் அனுபவத்தில் கண்ட சில வழிகள்:

முதலாவது, "எது நல்ல புத்தகம்?" என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் 'பொன்னியின் செல்வன்' என்றே சொல்வார்கள். "நீங்கள் இப்போது என்ன படிக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர் முகம் மலர்ந்தால் சரியான ஆளிடம் வந்திருக்கிறீர்கள்.

இரண்டாவது, நீங்கள் கடைசியாக ரசித்த இரண்டு புத்தகங்களையும், பாதியில் வைத்துவிட்ட ஒன்றையும் சொல்லுங்கள். பாதியில் விட்டதைச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். மருத்துவரிடம் எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்வதில்லையா?

மூன்றாவது, பதிப்பைக் கேளுங்கள். கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை. பல பதிப்பகங்கள் வெளியிடுகின்றன. எதில் எழுத்து பெரிது, எது சுருக்கப்படாத முழுப் பதிப்பு, எதன் கட்டு நிற்கும் என்பதெல்லாம் கடைக்காரருக்குத்தான் தெரியும்.

நான்காவது, படித்துவிட்டுத் திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். பிடிக்காவிட்டாலும் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதுதான் அடுத்த வாசகருக்கு அவர் செய்யும் பரிந்துரை.

ஐந்தாவது, அவரிடம் கேட்டதை அவரிடமே வாங்குங்கள். அட்டையைச் செல்பேசியில் படம் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து இணையத்தில் முப்பது ரூபாய் குறைவாக வாங்குவது, சமைத்தவர் இருக்கப் பக்கத்து வீட்டுக்குக் கூலி கொடுப்பது போல.

அந்த எட்டு வயதுப் பையனுக்கு வருவோம். சென்னை தூலிகா பதிப்பகம் ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் உள்ள படக்கதை நூல்களை வெளியிடுகிறது. நம் பெங்களூரிலேயே இயங்கும் பிரதம் புக்ஸ் நிறுவனம், 2015 முதல் ஸ்டோரிவீவர் என்னும் இணையதளத்தில் தமிழ்க் கதைகளை வாசிப்பு நிலை பிரித்து இலவசமாக வைத்திருக்கிறது. முதல் நிலையில் பக்கத்துக்கு ஓரிரு வரிகள்தான். இரவு பத்து நிமிடம், அப்பாவோ அம்மாவோ விரல் வைத்து வாசித்தால் போதும். கன்னடம் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு வேறொரு வாசலும் உண்டு. இவ்வூரில் வாழும் எழுத்தாளர் பாவண்ணன் கன்னடத்திலிருந்து பலவற்றைத் தமிழுக்குக் கொண்டு வந்திருக்கிறார். பைரப்பாவின் 'பருவம்' நாவலை மொழிபெயர்த்ததற்குச் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றவர். இரு மொழியிலும் ஒரே கதையைப் பார்க்கும் பிள்ளைக்குத் தமிழ் அந்நியமாகத் தோன்றாது.

கொடுக்க வேண்டிய கடன்

ஜோலார்பேட்டைக் கதையை முடிக்கவில்லை. அந்தப் புத்தகத்தை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. படித்து முடித்த வாரம் வேலை நெருக்கடி. அடுத்து மாற்றல் உத்தரவு. ஏழெட்டு மாதம் கழித்துப் புத்தகத்தோடு போனபோது கடையில் வேறொருவர் இருந்தார். பழையவர் எங்கே போனார் என்று அவருக்குத் தெரியவில்லை. பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவர் பென்சிலால் ஓரத்தில் போட்ட கோடுகளோடு அந்தப் பிரதி இன்றும் என்னிடம் இருக்கிறது.

என் பேத்திக்குப் பதினாறு வயது. தமிழ் பேசுவாள், படிக்கச் சிரமப்படுவாள். அந்த நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பை அவளுக்கு வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வாரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் என் பழைய பிரதியை எடுத்துக்கொண்டு வந்து, "தாத்தா, இந்தக் கோடு போட்ட இடமெல்லாம் தமிழ்ல எப்படி இருக்கு, படிச்சுக் காட்டுங்க" என்றாள். தினம் இரண்டு பக்கம் என்று படித்துக்கொண்டிருக்கிறோம். இப்போது முதல் வரியை அவளே எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள்.

நம் சங்க நூலக மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கச் செயற்குழு அனுமதி தந்திருக்கிறது. தாங்கள் இப்போது படிக்கும் புத்தகத்தின் பெயர், யாருக்குப் பிடிக்கும் என்று ஒரு வரி. அவ்வளவு எழுதினால் போதும். கடைக்காரர் இல்லாத ஊரில் நாம்தான் ஒருவருக்கொருவர் கடைக்காரர். முதல் பக்கத்தில் நான் எழுதிவிட்டேன். அந்த ஒயிட்ஃபீல்டு தம்பதியர் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது இரண்டாவது பக்கம் நிரம்பியிருந்தால் நன்றாக இருக்கும்.